வளவில் நிற்கும் கேம்பர் வானுக்குக் கரண்ட் கொடுப்பதும், பிழை வந்தால் தேடுவதும்

யாழ்ப்பாணத்தில் கேம்பர் வானுக்கென்றே (உள்ளேயே படுத்துச் சமைத்துப் பயணிக்கும் வான்) கரண்ட் பெட்டி வைத்த இடம் தேடினால் கிடைப்பது அரிது. பகலில் கசூரினாக் கடற்கரைக்கோ சாட்டிக் கடற்கரைக்கோ போய்விட்டு, இரவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வளவிலோ சொந்தக்காரர் வீட்டு மாமரத்தடியிலோ வானை நிறுத்தி, விறாந்தையில் இருக்கும் பிளக் பொயின்றில் இருந்து வயர் இழுப்பதுதான் இங்கே வழக்கம். அந்தப் பொயின்ற் போன் சார்ஜ் பண்ணவும் ஃபான் போடவும் வைத்தது. அதில் ஒரு முழு வானைக் கொழுவும்போது பிழை வரத்தான் செய்யும். வந்தால் எங்கே பார்ப்பது, எதில் கைவைக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கரண்ட் இல்லை என்றதும் பலர் வானுக்குள் இருக்கும் மூடிகளைக் கழற்றத் தொடங்குகிறார்கள். வேண்டாம். பிழை வீட்டுப் பக்கமா, இடையில் இருக்கும் வயரிலா, வானிலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கு வோல்ற் பார்க்கும் மீற்றர்கூடத் தேவையில்லை. வானின் வயரைக் கழற்றிவிட்டு, வீட்டில் நன்றாக ஓடும் ஒரு மேசை ஃபானை அதே பொயின்றில் போட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் வானை மறந்துவிட்டு வீட்டுக்காரரோடு கதையுங்கள். ஓடினால் நீள வயரின் மறுமுனையில் அதே ஃபானைப் போடுங்கள். அங்கேயும் ஓடினால்தான் வானுக்குள் பார்க்க வேண்டிய வேலை வருகிறது. பாதிப் பிழைகள் அந்த வயரிலும் அதன் பிளக்கிலும்தான் இருக்கும். 13 அம்பியர் பிளக்குக்குள் ஒரு சிறிய ஃபியூஸ் இருக்கிறது, அது போயிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, அதைத்தான் கடைசியாகப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, வானுக்குள் லைற் எரிகிறது என்பதால் வெளிக் கரண்ட் வருகிறது என்று நினைக்காதீர்கள். அந்த லைற், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் 12 வோல்ற் பற்றரியில் ஓடுபவை, வெளிக் கரண்ட் போய் ஒரு நாள் ஆனாலும் எரிந்துகொண்டே இருக்கும். பற்றரியில் மீற்றரை வையுங்கள். சாதாரண ஈய அமிலப் பற்றரி முழுதாக ஏறி ஓய்ந்திருந்தால் ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும், சார்ஜர் வேலை செய்யும்போது 13.5க்கு மேலே நிற்கும். சொக்கெற்றில் 230 இருந்தும் பற்றரி 12.3இலேயே நின்றால் சார்ஜரையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள்.

இனி எர்த், அதாவது கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் வயர். இதைத்தான் கொஞ்சம் பொறுமையாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன், ஏனென்றால் மற்றப் பிழைகள் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், இது உயிரை எடுக்கும். வான் ரயரில் நிற்கிறது, ரயர் ரப்பர். உள்ளே ஏதாவது ஒரு வயர் உரசி, லைவ் (கரண்ட் வரும் வயர்) வானின் பொடியில், அதாவது வெளித் தகட்டில் பட்டு, எர்த்தும் சரியாக இல்லாவிட்டால், முழு வானும் 230 வோல்ற்றோடு சத்தமில்லாமல் நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு மணலில் நின்று கதவுப் பிடியைத் தொடுகிறவருக்குத்தான் அடிக்கும். ஆகவே வானைத் தொடும்போது விரலில் மெல்லியதாக ஒரு சுணை, ஒரு கிள்ளல் தெரிந்தால்கூட அதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். வானைத் தொடாமல் நேரே வீட்டுக்குள் போய் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காரணம் கண்டுபிடிக்கும் வரை அந்த வயரைத் திரும்பக் கொழுவக் கூடாது.

இங்கே வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் சுவர் ஓரமாக நிலத்தில் அடித்த ஒரு செப்புக் கம்பி. நம்முடைய நிலம் மேலே கொஞ்சம் மண், கீழே சுண்ணாம்புக்கல். கோடையில் மண் காய்ந்தால் அந்தக் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில் தடை ஏறிவிடும். வெளிநாட்டுச் சனம் வந்து வளவுகளில் வான் நிற்பதும் நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆவணி வெயிலில்தான். கணக்கைப் பாருங்கள்: எர்த்தின் தடை 100 ஓம் என்றால், லைவ் நேரே பொடியில் பட்டாலும் ஓடுவது 2.3 அம்பியர். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் மட்டும் வெட்டும் 16 அம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாது. அந்த இடத்தில் ஆளைக் காப்பாற்றுவது, கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான். அதனால் வயரைக் கொழுவ முன்னரே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை ஒருமுறை அமத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்த வீட்டில் கரண்ட் எடுக்காதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி. ஆனால் அந்தப் பொத்தான் சுவிட்சைத்தான் சோதிக்கிறது, எர்த் கம்பியை அல்ல. பொயின்றில் எர்த் வயர் வந்திருக்கிறதா என்று பார்க்க மூன்று லைற் உள்ள சொக்கெற் டெஸ்டர் ஒன்று வாங்கி வானில் வைத்திருங்கள், விலை பெரிதில்லை. அது எர்த் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், எவ்வளவு நல்ல எர்த் என்று சொல்லாது. அதைச் சொல்வதற்கு எலக்ட்ரீஷியனிடம் வேறு மீற்றர் இருக்கிறது.

ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். கொழுவிய உடனே விழுந்தால் வானின் பிரேக்கர் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டுத் திரும்பக் கொழுவுங்கள். அப்போதும் விழுந்தால் வானை விட்டு வயரை மட்டும் கொழுவிப் பாருங்கள், அதுவே விழுத்தினால் பிளக்குக்குள் தண்ணீரோ நசிந்த வயரோ இருக்கும். கடலோரத்தில் நின்ற வான் என்றால் வானின் இன்லெற் (வெளி வயரைக் கொழுவும் இடம்) மூடியைத் திறந்து பின்களைப் பாருங்கள்: பச்சை பூத்திருக்கும், உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரண்டைக் கழற்றிவிட்டுத் துடைத்து, நன்றாகக் காய வையுங்கள். வயரில் குற்றமில்லை என்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக மேலே போடுங்கள். எது போட்டதும் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. அதிகமாகப் பிடிபடுவது சுடுதண்ணீர் ஹீற்றர். மாதக்கணக்கில் பாவிக்காமல் கிடந்த எலிமென்ற்றுக்குள் ஈரம் ஏறிவிடும். அடுத்தது பிரிஜ்ஜில் இருக்கும் ஹீற்றர்.

இதில் பலரைக் குழப்பும் இடம் ஒன்று இருக்கிறது. சில வான்களின் பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) அப்படியே தொடர்ந்திருக்கும். ஒரு சாமானில் நியூட்ரல் எர்த்தோடு பட்டிருந்தால், பிரேக்கர் கீழே இருந்தாலும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழும். எல்லாம் நிறுத்தியாயிற்று, ஆனாலும் விழுகிறது என்றால் சாமான்களின் பிளக்குகளையே கழற்றிப் பாருங்கள். ஒரு தனிக் குற்றவாளி இல்லாமலும் விழலாம்: வீட்டு பிரிஜ், கொம்பியூட்டர், வானின் சார்ஜர் எல்லாம் தலைக்குக் கொஞ்சம் கசியும், 30 மில்லி அம்பியர் சுவிட்ச் 15ஐத் தாண்டினாலே விழக்கூடும். எது எப்படி இருந்தாலும் ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரே வயர் கொடுத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் அல்ல, பிரேக்கர் விழுகிறது என்றால் அது அநேகமாக லோட், அதாவது ஒரே நேரத்தில் கூடுதலாகச் சாமான் போட்டது. 13 அம்பியர் பொயின்றில் கூடினால் 3000 வாற்ஸ், பழைய 5 அம்பியர் உருண்டை முனைப் பொயின்றில் 1150 வாற்ஸ்தான். கேத்தில் ஒன்றே 2000க்கு மேலே போகும். ஏசி ஓடும்போது கேத்திலைப் போடாதீர்கள், சுடுதண்ணீர் ஹீற்றரை நிறுத்திவிட்டு ரைஸ் குக்கரைப் போடுங்கள், அவ்வளவுதான். 13 என்று எழுதியிருந்தாலும் இரவு முழுக்க அந்த அளவு இழுக்க விடாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடும் பிளாஸ்ரிக் மணமும் வந்தால் நிறுத்துங்கள். சுருளில் இருக்கும் வயரை முழுவதும் இழுத்து விரிக்க வேண்டும், பாதி சுற்றியபடி கிடந்தால் உள்ளே இருக்கும் சுற்று சூடேறி உருகும்.

வோல்ற்றேஜ் குறைவு வேறு கதை. ஏசி உறுமும் ஆனால் குளிராது, சார்ஜர் விட்டு விட்டு ஓடும். நம்முடைய சப்ளை 230, அதில் மேலேயும் கீழேயும் 6 வீதம் போகலாம், அதாவது 216 வரை இறங்குவது வழமையே. அதற்கு மேல் மெல்லிய வயர் தன் பங்குக்குத் தின்னும். 40 மீற்றர் நீளத்தில் 1 சதுர மில்லிமீற்றர் வயர் 10 அம்பியருக்கு 17 வோல்ற்றுக்கு மேலே விழுத்தும், 2.5 சதுர மில்லிமீற்றர் என்றால் 7 வோல்ற் மட்டும்தான். ஆகவே கடையில் வயர் வாங்கும்போது நீளத்தைக் கேட்க முன்னர் தடிப்பைக் கேளுங்கள், 2.5க்குக் கீழே வேண்டாம். ஏசி வெட்டி வெட்டி நிற்கிற நேரத்தையும் கவனியுங்கள், கிணற்றடி மோட்டர் போடுகிற நேரமாக இருக்கும். மோட்டர் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். தண்ணீர் இறைக்கும் நேரத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு அந்த நேரம் ஏசியை நிறுத்திவைப்பதுதான் வழி.

வானில் வரும் வயரின் முனை நீல நிற வட்டப் பிளக்காக, 16 அம்பியராக இருந்தால் அதற்கு ஒழுங்கான அடப்டர் வாங்குங்கள். முனையை வெட்டி, வெறும் வயரை ஓட்டையில் செருகி, தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் எர்த்தே போவதில்லை, லைவும் நியூட்ரலும் மாறியும் போகும். மாறினால் எல்லாம் ஓடும், அதுதான் ஆபத்து: சுவிட்சை நிறுத்தியபின்னும் சாமானுக்குள் லைவ் இருக்கும். 13 அம்பியர் சொக்கெற்றை நேரே பார்த்தால் எர்த் மேலே, லைவ் வலது கைப் பக்கம் கீழே. லைவைக் காட்டும் ஸ்குரூ டிரைவர் டெஸ்டர் இடப்பக்க ஓட்டையில் எரிந்தால் வீட்டு வயரிங்கில் பிழை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கரண்ட் கட்டாகி ஜெனரேட்டர் போட்டதும் வானின் காவல் பெட்டி (வரும் கரண்ட் சரியா என்று பார்க்கும் கருவி) எர்த் இல்லை என்று காட்டினால், சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது என்பதுதான் பெரும்பாலும் காரணம். அப்போது ட்ரிப் சுவிட்சை நம்பி இருக்க முடியாது, லைற்றோடும் ஃபானோடும் சமாளியுங்கள். கட்டான கரண்ட் திரும்பி வரும்போது உடனே ஏசியைப் போடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். மூன்று பேஸ் வீட்டில் ஒரு அறை லைற் பளிச்சென்று கூடி இன்னொரு அறையில் மங்கினால், காற்றுக்கு லைனில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். 300 வோல்ற்றுக்கு மேலேகூட ஏறும். ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின் விநியோக அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

கனடாவில் வான் வாடகைக்கு எடுத்துப் பழகிய உறவுகளுக்கு ஒரு சொல். அங்கே 30 அம்பியர் பெட்டி என்பது 120 வோல்ற், 3600 வாற்ஸ். அங்கிருந்து கொண்டுவந்த கேத்திலோ ஹெயர் டிரையரோ இங்கே அடப்டரை மாட்டியதால் மட்டும் ஓடாது, எரிந்துபோகும். சாமானின் அடியில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் மட்டும் கொழுவுங்கள்.

கொழுவும்போது வான் பக்கத்தை முதலில் பூட்டி, வீட்டுப் பக்கத்தைப் பிறகு செருகுங்கள். கழற்றும்போது வீட்டுப் பக்கம் முதலில். ஐப்பசி கார்த்திகையில் மின்னல் தொடங்கினால் இடி கிட்ட வரும் வரை காத்திராமல் கழற்றி, இரு முனைகளையும் நிலத்தில் விடாமல் தூக்கி வையுங்கள்.