பாக்கெட் சினிமா கேமராவில் ரா பதிவு: தொடங்குமுன் செய்ய வேண்டியவையும், பழுப்பாகிப் போன கறுப்புக் கோட்டும்

வழக்கறிஞர் ஒருவரைப் பற்றிய குறும்படத்தைச் சென்ற கோடையில் பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே கொண்டு ஒளிப்பதிவு செய்தேன். 2018இல் வெளிவந்த இந்தச் சிறிய கேமரா 12 பிட் ரா கோப்பாகவே, அதாவது சென்சார் தந்த தரவை அதிகம் மாற்றாத கோப்பாகவே, பதிவு செய்யக்கூடியது. 2019இல் வந்த மென்பொருள் புதுப்பிப்பில் சினிமாடிஎன்ஜி என்ற ரா வடிவம் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் பிளாக்மேஜிக் ரா சேர்க்கப்பட்டது. இங்கே ரா என்று நான் குறிப்பிடுவதெல்லாம் அதையே. லென்ஸ் மாட்டுவது, மெனுவுக்குள் நுழைவது போன்றவற்றை நீங்கள் அறிவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. எதில் பதிவு செய்வது

எஸ்டி கார்டு, சிஃபாஸ்ட் கார்டு, யுஎஸ்பி-சி வழியாக எஸ்எஸ்டி என மூன்று வழிகள் உண்டு. என் ஓட்டு எஸ்எஸ்டிக்கே. 4096×2160 அளவில், நொடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில், 5:1 சுருக்கத்தில் எடுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 64 எம்பி போகும். 500 ஜிபி எஸ்எஸ்டியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். 8:1க்கு இறங்கினால் அதுவே ஏறக்குறைய மூன்றரை மணி நேரமாகும். எஸ்எஸ்டியைக் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் உள்ள கேஜ் (கேமராவைச் சுற்றி மாட்டும் உலோகச் சட்டம்) ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். கேபிள் ஒரு நூல் தளர்ந்தாலும் பதிவு நின்றுவிடும், நடிகர் அழுதுகொண்டிருப்பார்.

2. ஐஎஸ்ஓவும் ஷட்டரும்

ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவில், இந்தக் கேமராவில் 100 முதல் 1000 வரை ஒரு தொகுதி, அதன் அடிப்படை 400. 1250இல் தொடங்குவது இன்னொரு தொகுதி, அதன் அடிப்படை 3200. ஒரே தொகுதிக்குள் ஐஎஸ்ஓவைப் பின்னர் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங், கலர் மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடியாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 24 ஃப்ரேமில் எடுப்பவர்கள் ஷட்டர் ஆங்கிளை 172.8 என்று வையுங்கள். அது 1/50 நொடிக்குச் சமம், டியூப் லைட் துடிக்காது.

3. என்டி ஃபில்டர்

என்னைக் கவிழ்த்த படி இதுதான். உச்சி வெயிலில், நீதிமன்றப் படிக்கட்டு போன்ற ஓரிடத்தில், அப்பர்ச்சரைத் திறந்து வைத்துப் பின்னணியை மங்கலாக்க விரும்பி, ஒளியை ஆறு ஸ்டாப், அதாவது ஆறு முறை பாதியாக, குறைக்கும் மலிவான என்டி (லென்ஸின் முன் மாட்டும் கருங்கண்ணாடி) ஒன்றை மாட்டினேன். வெயிலில் கேமராவின் திரை சரியாகத் தெரியவில்லை. ரா தானே, டிஐயில் (படப்பிடிப்புக்குப் பிந்தைய நிறத் திருத்தத்தில்) பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்ந்துவிட்டேன். டிஐயில் பார்த்தபோது வழக்கறிஞரின் கோட்டு டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அவருடைய தோல் ஷூவும் கைப்பையும் கறுப்பாகவே இருந்தன. பாலியஸ்டர் கோட்டு மட்டுமே பழுத்திருந்தது.

காரணம் அகச்சிவப்புக் கதிர். சாதாரண என்டி கண்ணுக்குத் தெரியும் ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும். அகச்சிவப்பை அந்த அளவுக்குத் தடுக்காது. ஒளி குறையக் குறைய, சென்சாருக்குள் நுழையும் அகச்சிவப்பின் விகிதம் கூடிக்கொண்டே போகும். செயற்கை இழைத் துணிகளின் கறுப்புச் சாயம் பல நேரங்களில் அந்தக் கதிரை நன்றாகத் திருப்பி அனுப்புவதால், கண்ணுக்குக் கறுப்பாக இருப்பது கேமராவுக்குப் பழுப்பாகிறது. ஒயிட் பேலன்ஸை நீலத்தின் பக்கம் தள்ளினால் கோட்டு கறுக்கும், கூடவே வெள்ளைச் சட்டையும் முகமும் நீலம் பாரிக்கும். கடைசியில் ஷாட் ஷாட்டாகக் கோட்டை மட்டும் மாஸ்க் போட்டு நிறத்தை உறிஞ்சி எடுத்தோம். பதினொரு ஷாட்டுகளுக்கு இரண்டு மாலைகள் போயின.

ஆகவே படப்பிடிப்புக்கு முந்தைய நாளே, நடிகர் அணியப்போகும் கறுப்பு உடையை வெயிலில் தொங்கவிட்டு, ஃபில்டர் இல்லாமல் ஒரு முறையும், உங்களிடமுள்ள ஒவ்வொரு என்டியோடு ஒரு முறையும் பத்து நொடிகள் பதிவு செய்து, கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அகச்சிவப்பையும் (ஐஆர்) தடுக்கும் ஐஆர் என்டி வாங்குங்கள். அல்லது இருக்கும் என்டிக்கு முன்னால் ஐஆர் கட் ஃபில்டர் ஒன்றைச் சேருங்கள். திருகித் திருகி அளவை மாற்றும் வேரியபிள் என்டியை நான் பரிந்துரைப்பதில்லை. அதிலுள்ள போலரைசர்கள் அகச்சிவப்பைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதோடு, வானத்தில் கறுப்புத் திட்டும் விழும்.

4. ரிசால்வில் திறப்பது

இதில் பெரிய வித்தை இல்லை. கேமரா ரா பகுதியில் கிளிப் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒயிட் பேலன்ஸையும் ஐஎஸ்ஓவையும் சரிசெய்த பிறகு கலர் வேலையைத் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: உள்ளரங்கிலும் ஐஆர் ஃபில்டர் தேவையா என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். எல்இடி விளக்கில் அகச்சிவப்பு ஏறக்குறைய இல்லை. ஆலஜன் விளக்கில் ஏராளம், எனவே அந்த வெளிச்சத்தில் லென்ஸுக்கு என்டி போடுவதாக இருந்தால் இந்தச் சோதனையை அங்கேயும் செய்யுங்கள். ஐஆர் கட் ஃபில்டர் போட்டபின் ஃப்ரேமின் ஓரங்கள் பச்சையாகின்றன என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவர் பயன்படுத்தியது அகலக் கோண லென்ஸ். அகச்சிவப்பைப் பிரதிபலித்துத் தடுக்கும் ஃபில்டர்களில் ஒளி சாய்வாக நுழையும்போது சிவப்பின் ஒரு பகுதியும் வெட்டுப்படும். அத்தகைய லென்ஸ் வைத்திருப்பவர்கள், கறுப்புத் துணியோடு ஒரு வெள்ளைச் சுவரையும் ஃப்ரேம் முழுக்க எடுத்து மூலைகளைச் சோதித்துவிட்டு, அதன் பிறகே ஃபில்டருக்குப் பணம் கொடுங்கள்.