ஒரே போன் காலில் தீரும் சண்டையை எழுதாதீர்கள்: காதல் நகைச்சுவைக் குறும்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதலி வேறொருவனோடு பைக்கில் போவதைக் காதலன் பார்த்துவிடுகிறான். பேச்சை நிறுத்துகிறான். நடுவில் ஒரு சோகப் பாட்டு. கடைசியில் பார்த்தால் பைக் ஓட்டியது அவளுடைய அண்ணன். காதல் நகைச்சுவை எழுத உட்காருகிறவர்களின் கைக்கு முதலில் வரும் கதை இதுதான், முதலில் கிழித்துப் போட வேண்டியதும் இதுதான். "வண்டியில யாரு?" என்று ஒரு வாட்ஸ்அப் போட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் 15 நிமிடப் படத்தைத் தாங்காது.

இருவரையும் எது பிரித்து வைக்கிறது என்பதை அவர்கள் பிழைப்பிலேயே தேடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. பெண் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள், பையன் தர்மபுரியில் செல்போன் கடை வைத்திருக்கிறான் என்று வையுங்கள். எழுதும் முன் இருவருடைய நேரத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அவளுக்குக் காலை ஷிப்ட் 6 முதல் 2 வரை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க 4 மணிக்கே எழ வேண்டும். அவன் 9 மணிக்குக் கடையைச் சாத்தும்போது அவள் தூங்கியிருப்பாள். மதிய ஷிப்ட் வாரத்தில் அவள் அறைக்கு வரவே 11 ஆகிவிடும், அதற்குள் அவனுக்குக் கண் சொக்கும். இரவு ஷிப்ட் என்றால் அவள் படுக்கிற நேரத்தில்தான் இவன் ஷட்டரைத் தூக்குவான். பேச வழி கடை நேரம் மட்டும்தான். காதில் புளூடூத்தோடு அவன் ஒரு பெரியவரின் போனுக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறான்:

"சரி, நான் சொன்னது தப்புதான். இனிமே அப்படிச் சொல்லமாட்டேன்."

பெரியவர் நிமிர்ந்து பார்க்கிறார். "அப்ப 100 ரூபாய்க்கே குடுத்துடறியா தம்பி?"

சிரிப்பு வந்தாயிற்று, சண்டையும் நகர்ந்தாயிற்று. இதற்காகத் தனியாக ஒரு காமெடி நண்பனைக் கூட்டிவர வேண்டியதில்லை. நண்பன் கட்டாயம் வேண்டுமென்றால் அவனுக்கும் சொந்தமாக ஒரு தேவை இருக்கட்டும். காதலனைக் கலாய்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் நண்பனை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், கதையில் ஒன்றும் குறைந்திருக்காது.

அடுத்தது, மன்னிக்கவே கூடாத தவறு. பெண் "வேண்டாம்" என்ற பிறகும் பஸ் ஸ்டாண்ட், டியூஷன், கோயில் என்று பின்னாலேயே போவதைக் காதலாகக் காட்டுவது. பின்தொடர்தல் 2013 முதல் தனிக் குற்றம். இப்போதுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவு. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், தினமும் அதே பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு அது பயம். பயத்தை வைத்துச் சிரிப்பு மூட்ட முடியாது. அவளுக்கும் அவனைப் பிடித்திருக்கிறது என்பதற்கு அவளே செய்கிற ஒரு காரியத்தைச் சீக்கிரம் காட்டிவிடுங்கள். ஒன்றுமே ஆகாத போனுக்குச் சார்ஜர் போர்ட் பார்க்கச் சொல்லி அவள் இரண்டாவது முறையும் கடைக்கு வந்தால் போதும்.

சாதியையும் இப்படித்தான் அக்கறையோடு தொட வேண்டும். 2012-ல் ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து தலித் மக்கள் குடியிருந்த நத்தம் காலனி எரிக்கப்பட்டது இதே தர்மபுரி மாவட்டத்தில்தான். "நீங்க என்ன ஆளுங்க?" என்று அப்பா கேட்பதை ஒரு வரி ஜோக்காக வைத்துவிட்டுக் கடக்காதீர்கள். எடுத்தால் அதையே கதையாக எடுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். 15 பக்கத்தில் 2-ஆம் பக்கத்துக்குள் இருவரும் சந்திக்க வேண்டும், 4-ஆம் பக்கத்தில் சிக்கல் தெரிய வேண்டும். ஐந்து நிமிடம் நாயகனின் அறிமுகத்துக்கே போனால் காதலுக்கு இடம் இருக்காது. பேச்சில் கோவை "ங்க"வையும் சென்னைத் தமிழையும் கலந்து தெளிக்காதீர்கள். ஓசூர்ப் பெண் என்றால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவளாக இருக்கலாம். அவள் அம்மாவிடம் போனில் என்ன பேசுகிறாள் என்று புரியாமல் அவன் முழிப்பதிலேயே ஒரு நல்ல காட்சி இருக்கிறது.

இன்றைய காதலில் பாதி சாட்டில் நடக்கிறது. போன் திரையை நேராகப் படம்பிடித்தால் கண்ணாடியில் லைட்டும் கேமராவும் தெரியும், எழுத்து தெரியாது. செய்தியை எடிட்டிங்கில் முகத்துக்குப் பக்கத்தில் ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஆறேழு சொல். நிதானமாக இரண்டு முறை வாசிக்கிற நேரம் நிற்கட்டும். கடைக்குள் டியூப் லைட்டும் எல்இடி போர்டும் இருந்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு ஒத்துப்போகாத வேகத்தில் எடுத்தால் படம் மினுக்கலாம்.

லொகேஷன் என்றதும் எல்லோரும் ஒகேனக்கல் ஓடுகிறார்கள். அருவிப் பக்கத்தில் நின்று பேசினால் காலர் மைக்கில்கூட இரைச்சல்தான் பதியும். முக்கியமான வசனத்தை அங்கே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் டப்பிங் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், ஜூலை, ஆகஸ்டில் அதை நம்பித் தேதி குறிக்கக் கூடாது. கிருஷ்ணகிரி மாந்தோப்பு அழகுதான், ஆனால் பூ இருப்பது தை, மாசியில், காய்ப்பு ஏப்ரல் முதல் ஜூலை வரை. ஒரே சந்திப்பின் பாதியைப் பிப்ரவரியிலும் மீதியை மே மாதத்திலும் எடுத்தால் அவள் பேச ஆரம்பிக்கும்போது பூவாக இருந்த கிளையில் அவன் பதில் சொல்வதற்குள் மாங்காய் தொங்கும். தோப்புக் காட்சி முழுவதையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள்.