கதிர்காமப் பாதையில் தனியே நடப்பவர் இரவில் எங்கே தங்குவது?

தென்னிலங்கையிலுள்ள கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடந்து போக நினைத்து வெளிநாட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைபேசியில் அறை தேடுகிறார்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்பை என்று தட்டினால் வரிசையாக அறைகள் வந்து விழும். வெருகல், கதிரவெளி, சங்கமன்கண்டி என்று தட்டினால் பெரிதாக ஒன்றும் வராது. அதைப் பார்த்துவிட்டு, இது தங்க இடமில்லாத பாதை என்று முடிவெடுத்து, வான் பிடித்து, கடைசிக் காட்டு வழி தொடங்கும் உகந்தையில் நேரே போய் இறங்குகிறவர்களும் உண்டு. எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் விஷயம். கிழக்குக் கரையில் கதிர்காமத்துக்கு நடக்கிறவருக்குக் கோயிலுக்குக் கோயில் படுக்க இடம் கொடுத்தே வந்திருக்கிறார்கள். அந்த இடம் விற்பனைக்கு இல்லாததால்தான் இணையத்தில் இல்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டும். எந்த நேரத்தில், யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்திருந்தால் தனியாக வருகிறவரும் மிகக் குறைந்த செலவில் இந்தப் பாதையை நடந்து முடிக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். முழுப் பாதை யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்குகிறது. வேல் தாங்கிய அடியார்கள் அங்கிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக ஒன்றரை மாதமளவில் நடந்து, கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவார்கள். சுற்றுலா விசா பொதுவாக முதலில் 30 நாளுக்குத்தான் கிடைக்கிறது. நீடிக்கலாம், ஆனால் அதற்கு நடையை நிறுத்திவிட்டு அலைய வேண்டும். ஆகவே லீவு எடுத்து வருகிறவர்களுக்குத் திருகோணமலையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ நடப்பதே பொருந்தும். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோர ஏ15 வீதியில் சுமார் 130 கிலோமீற்றர். அங்கிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். பொத்துவிலிலிருந்து பாணமை வழியாக உகந்தைக்கு இன்னும் முப்பது சொச்சம்.

அப்பா, அம்மா சொன்ன பழைய தங்கிடக் கணக்கை அப்படியே நம்பி நடக்க வேண்டாம். அந்தக் காலத்தில் இந்த வீதியில் ஆற்றுக்கு ஆறு, அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் ‘பாதை’ என்ற மிதவைக்காகக் காத்திருக்க வேண்டும், பொழுதுபட்டால் துறையடியிலேயே தங்குவார்கள். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மற்ற ஆறுகளுக்கும் பாலம் வந்துவிட்டது. துறையடித் தங்கிடங்கள் பல இன்று வழியில் வெறும் பெயர்கள்தான்.

கோயிலில் கேட்பது

ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீற்றர் என்று திட்டம் போடுகிறவர் பின்னேரம் ஆறரைக்கு யாரையும் தெரியாத ஒரு சந்தியில் நிற்பார். எந்தக் கோயிலில் இரவு என்று திட்டம் போடுங்கள். தூரம் அதற்கேற்ப 12 ஆகவும் வரும், 25 ஆகவும் வரும். வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில், சித்தாண்டி முருகன் கோயில், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில், களுதாவளைப் பிள்ளையார் கோயில், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில், காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயில், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில், சங்கமன்கண்டிப் பிள்ளையார் கோயில் என்று வடக்கிலிருந்து தெற்காக ஒரு சங்கிலி போகிறது. இவற்றுக்கிடையே சிறு கோயில்கள் ஊருக்கு ஊர் உண்டு. மண்டூருக்கும் போக ஆசைப்பட்டால் அது வாவிக்கு அக்கரையில் இருக்கிறது. அதற்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள்.

பின்னேரப் பூசைக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அனேகமாக இந்த ஒரு மணித்தியாலத்தில்தான் இருக்கிறது. பூசைக்கு ஊர்ச்சனம் வரும், கோயில் பொறுப்பாளர்கள் வருவார்கள், உங்களை நாலு பேர் பார்ப்பார்கள். பூசை முடிந்து கதவு பூட்டியபின் வந்து நிற்கிற முன்பின் தெரியாத ஒருவரை உள்ளே விட யாரும் யோசிப்பார்கள், அது நியாயமும்கூட. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் நிருவாகம் வண்ணக்கர் கையில் இருக்கும்; கண்ணகை அம்மன் கோயில்களில் பூசை செய்பவரைக் கப்புகனார் என்பார்கள். குருக்களிடமோ கப்புகனாரிடமோ முதலில் வணக்கம் சொல்லி, “ஐயா, கதிர்காமத்துக்கு நடந்து போறன். இண்டைக்கு ராவைக்கு மண்டபத்தில படுக்கலாமா, ஆரிட்டக் கேக்கவேணும்?” என்று கேளுங்கள். “ஆரிட்டக் கேக்கவேணும்” என்ற பகுதி முக்கியம். முடிவு அவர் கையில் இல்லாவிட்டால் அவர் சங்கடப்படாமல் வண்ணக்கரைக் காட்டிவிடுவார். உங்கள் ஊர், அப்பாவின் ஊர், எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருந்து, அவர்கள் கேட்குமுன் நீங்களே காட்டினால் அவர்களுக்கும் நிம்மதி.

கிடைப்பது சீமெந்துத் தரை, ஒரு கூரை, கிணறு அல்லது பைப், பொதுக் கழிவறை. பாய் சில இடங்களில் தருவார்கள். மெல்லிய விரிப்பு, சாரம், போர்வை, சிறிய டோர்ச், நுளம்புக்குப் பூசும் மருந்து இவற்றை நீங்களே கொண்டுபோங்கள். நுளம்பு வலை சுமையாகத் தோன்றும், ஆனால் டெங்கு உள்ள நாட்டில் திறந்த மண்டபத்தில் படுக்கிறவருக்கு அது தேவை. மூலஸ்தானத்தை நோக்கிக் கால் நீட்டிப் படுக்க வேண்டாம். மச்சம், மதுவுக்கு இடமே இல்லை. விடியமுன் எழும்பி, படுத்த இடத்தைக் கூட்டிவிட்டுப் போங்கள்.

காசு விஷயத்தில் கவனம். ஐயாவின் கையில் வெளிநாட்டு நோட்டைத் திணிப்பது அவரையும் சங்கடப்படுத்தும், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் ஒரு விலையை ஏற்படுத்திவிடும். உண்டியலில் போடுங்கள், அல்லது அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு மண்டபம் தந்த ஊரில் நீங்கள் செலவழிக்கும் காசு அங்கே பயன்பட வேண்டும்.

காசு கொடுத்து அறை எடுக்க வேண்டிய இடங்கள்

ஒவ்வொரு இரவும் மண்டபத்தில்தான் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரு அறை எடுத்து, உடுப்புத் தோய்த்து, காலில் வந்த கொப்புளத்துக்கு மருந்து போட்டு, கதவைப் பூட்டி நித்திரை கொண்டால்தான் மிச்சத்தை நடக்கலாம். திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் நகரங்கள் இதற்கு ஏற்றவை.

ஆனால் நடைக்காலமும் கிழக்கின் கடற்கரைச் சுற்றுலாக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. நிலாவெளி, உப்புவெளி, அறுகம்பைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரச் சனம் நிறைந்திருக்கும், விலையும் ஏறியிருக்கும். ஆகவே திருகோணமலையில் நகருக்குள்ளும், தெற்கே அறுகம்பைக்கு முன்னமே பொத்துவில் நகருக்குள்ளும் தேடுங்கள். செயலியில் காட்டும் விலையைப் பார்த்துக்கொண்டு, நேரில் போய்த் தமிழில் கேளுங்கள்: சாப்பாடு இல்லாமல், ஏசி இல்லாமல், ஃபேன் ரூம் எவ்வளவு? ஏசி உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் வித்தியாசம் பெரிது. அறையைப் பார்த்து, பைப்பைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தபின் காசு கொடுங்கள். மலிவான லொட்ஜ்கள் சில குடிக்கிற கூட்டத்துக்காகவே நடக்கின்றன. எது குடும்பங்கள் தங்கும் இடம் என்று பக்கத்து மருந்துக்கடையில் கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார்கள்.

ஏறாவூர், காத்தான்குடி, நிந்தவூர், அட்டாளைச்சேனை போன்ற முஸ்லிம் ஊர்களும் வழியில் வருகின்றன. கதிர்காமத்தில் பள்ளிவாசலும் இருப்பதால் அந்தப் பயணத்தின் பெருமை அவர்களுக்கும் தெரியும். நடுப்பகல் வெயிலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஆறுதலாக இருந்து எழும்பலாம். இரவுத் தங்கலை மட்டும் அடுத்த கோயில் ஊருக்கு அல்லது நகரத்து அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் யாராவது “எங்கட வீட்ட வந்து படுங்க” என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலும் முழுமனதோடுதான் கூப்பிடுவார்கள். அப்படியானாலும் கோயிலுக்கு முதலில் போய், இன்னார் வீட்டில் தங்கப் போகிறேன் என்று அங்கே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெண்கள் தனியே வந்தால்

தனியே நடக்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: பகலில் தனியே நடக்கலாம், இரவில் கூட்டத்தோடு படுங்கள். வேல் கொண்டுவரும் குழுக்களில் வயதான அம்மாமார் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களிடம் போய், “அம்மா, உங்களோட சேந்து படுக்கட்டா?” என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள், அதன்பின் உங்கள் பாயும் பையும் அவர்கள் பொறுப்பு. குழு எந்தக் கோயிலில் நிற்கிறது என்பதை முதல் நாள் கோயிலிலேயே கேட்டு அறியலாம். மாதவிலக்கு நாட்களில் கோயில் மண்டபத்தில் தங்க விடும் வழக்கம் இல்லை. அந்த நாட்களுக்கென்று நகரத்து அறைக்கான காசை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

பொழுதும் யானையும்

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும். விடியற்காலை தொடங்கி ஒன்பது, பத்து மணி வரை, பிறகு வெயில் தாழ்ந்தபின் என்று நடப்பதே வழக்கம். ஆனால் வெருகல் வாகரைப் பக்கத்திலும், பொத்துவிலுக்கு அப்பாலும் இருட்டில் தனியே நடக்க வேண்டாம், யானை நடமாட்டம் உண்டு. பாணமையிலிருந்து உகந்தைவரை முழுக்க வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். தனியாக வந்தவர் பாணமையிலேயே இரவு தங்கி, காலையில் வேறு சாமிமாரோடு சேர்ந்து போவது நல்லது. இந்தப் பாதையில் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். அம்புலன்ஸ் தேவைப்பட்டால் 1990, காசில்லை. பொலிஸ் 119.

உகந்தையோடு தனிநடை முடிகிறது. அங்கிருந்து குமனை, யால காட்டு வழி ஆண்டில் குறித்த சில நாட்களுக்கு மட்டும் யாத்திரிகருக்குத் திறக்கப்படும். திறக்கும் நாளையும் மூடும் நாளையும் அதிகாரிகள் அந்தந்த ஆண்டு அறிவிப்பார்கள், விமானச் சீட்டு எடுக்கமுன் அதை அறிந்துகொள்ளுங்கள். முருகன் கோயில் வளவில் ஓரிரு இரவு தங்கி, ஒரு குழுவோடு சேருங்கள். உள்ளே அறையும் இல்லை, மண்டபமும் இல்லை. குமுக்கன் ஆற்றங்கரை, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று மரத்தடிகளில்தான் இரவு. குழுவின் நடுவே படுங்கள், நெருப்பை விட்டு விலகிப் போகாதீர்கள். காட்டுக்குள் பொலித்தீன், பிளாஸ்ரிக் போட வேண்டாம். ஐந்து நாளளவில் சமைக்க அரிசி, சாமான் பங்குபோட்டுச் சுமக்க வேண்டியிருக்கும். தண்ணீரையும் முதல் நாளே கேட்டு அறிந்து கொண்டுபோங்கள்.

கதிர்காமத்தில் திருவிழாக் காலத்தில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை கூட. பெரியவர்கள் இராமகிருஷ்ண மடத்துக்குப் போகச் சொல்வார்கள். அது 1970களிலேயே மிஷனின் கையைவிட்டுப் போய்விட்டது. தெய்வானை அம்மன் கோயில் பக்கத்தில் முதலில் விசாரியுங்கள், அடியார்கள் மாணிக்க கங்கைக் கரையிலும் படுக்கிறார்கள். கட்டாயம் அறை வேண்டுமென்றால் திஸ்ஸமகாராமவில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துபோகலாம், இருபது கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம்தான். மட்டக்களப்பிலோ பொத்துவிலிலோ பெட்டியை விட்டு வந்திருந்தால் திரும்பிப் போக மொனராகலை வழியாக பஸ் மாறி மாறி ஒரு முழுப்பகல் வேண்டும். விமானம் ஏறும் நாளுக்கு முதல் நாளை அதற்கு வைக்காதீர்கள். பெட்டியைக் கொழும்பில் உறவினர் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது எல்லாவற்றிலும் இலகு.