வீரா 1.6-இல் சூப்பர்சார்ஜர்: ஏற்றத்தில் வந்த தட்டலை நிறுத்தியது

சுங்கை சிப்புட் எஸ்டேட் சாலைகளில் ஓடும் பழைய புரோட்டோன் வீராவில், ஹாஃப் கட் கடையில் (வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) வாங்கிய டொயோட்டா எஸ்சி12 சூப்பர்சார்ஜரைப் பொருத்தினேன். பெல்ட்டால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி இது. ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் டக்டக்கென்று தட்டல், அதாவது பெட்ரோல் கலவை என்ஜினுக்குள் தானாக வெடிக்கும் சத்தம்.

காரணம் கணக்கிலேயே தெரியும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), அதோடு சூப்பர்சார்ஜர் 6 பிஎஸ்ஐ சேர்த்தால் என்ஜினுக்குள் போகும் காற்று சுமார் 40 சதவீதம் கூடும். பெட்ரோலைத் தெளிக்கும் பழைய இன்ஜெக்டரால் அவ்வளவு பெட்ரோல் தர முடியாது. உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பழைய மேப் சென்சாரும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அளக்காது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். ஆகவே 40 சதவீதம் பெரிய இன்ஜெக்டர், 2 பார் மேப் சென்சார், டியூன் செய்யக்கூடிய இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மூன்றும் வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

தீப்பொறி நேரத்தை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி வீதம் பின்தள்ளித் தொடங்கினேன். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை (சூட்டை வேகமாக வெளியேற்றும்), இடைவெளி 0.8 மிமீ. பெட்ரோல், தட்டலை அதிகம் தாங்கும் ரோன் 97 மட்டுமே.

பெல்ட் கீச்சிட்டால் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், பேரிங் போய்விடும். பெல்ட்டைத் திருப்பிவிடும் ஐட்லர் புல்லி சேர்த்து, பெல்ட் புல்லியைச் சுற்றும் அளவைக் கூட்டுங்கள். கிரேங்க்கேஸின் (என்ஜினின் அடிப்பகுதி) ஆவியை உறிஞ்சும் பிசிவி குழாயில் ஒருவழி வால்வு இல்லாவிட்டால் அழுத்தம் அதற்குள் புகுந்து சீல்களில் எண்ணெய் கசியும்.

செம்மண் தூசி சூப்பர்சார்ஜருக்குள் சுழலும் ரோட்டரைக் கீறும். ஏர் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். சாலையில் இறக்குமுன் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வாங்கிவிடுங்கள்.