எலி கடிக்குமா என்று கேட்கிறவர்களுக்கு

எலி ஆய்வுக்கு உதவியாளராக இலங்கை மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குக் கிளம்பும் நம்ம தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, கடிக்குமா?" என்பதுதான். கடிக்கும். தடித்த கையுறையும் துணிப்பையும் இருந்தால் சமாளிக்கலாம். யாரும் கேட்காதது குளிரைப் பற்றி.

சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே. தை மாதம் விடியலில் புல்லெல்லாம் உறைபனி. எலியை உயிரோடு பிடிக்க நாம் வைக்கும் ஷெர்மன் பொறியோ மெல்லிய அலுமினியப் பெட்டி. பஞ்சு வைக்காமல் விட்டால் எலி விடியுமுன் விறைத்துவிடும். முதல் வருடம், இருட்டுகிறதே என்ற அவசரத்தில் நானும் இரண்டு பொறிக்குப் பஞ்சு வைக்கவில்லை. காலையில் ஒன்றில் இருந்தது செத்த எலி. பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. பொறியைப் புதரடியில் வையுங்கள். மழைத்தண்ணீர் தேங்காதபடி வாய்ப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும். விடிந்ததும் பொறிகளைப் பார்க்கச் சுற்றுக்குப் போய்விடுங்கள், தேத்தண்ணி பிறகு. வெயில் ஏறினால் அதே பெட்டி அடுப்பாகிவிடும்.

மூஞ்சூறு மாட்டினால் இன்னும் அவசரம். அது எலியே இல்லை, பூச்சி தின்னி. சில மணி நேரம் தீனி இல்லாவிட்டால் செத்துப்போகும். அது நடமாடும் இடத்தில் இரவிலும் ஒருமுறை பாருங்கள்.

வால் நுனியைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோல் உருவிக்கொண்டு வந்துவிடும். இங்கே வாலுக்குத் தனி மரியாதை உண்டு. இலங்கையில் மட்டுமே வாழும் ஒஹியா எலிக்கு வால் உடம்பைவிட நீளம். அந்த வால் மேலே கறுப்பு, கீழே வெளுப்பு. நெலுப் பூவின், அதாவது நம்ம குறிஞ்சி இனத்தின், பெயரைத் தாங்கிய நெலு எலியும் இதே மலைகளில்தான். குட்டிகளைப் பார்த்தால் எந்த இனமென்று குழப்பம் வரும். அப்போது பெயரை ஊகித்து எழுதிவிடுவதுதான் பெரிய பிழை. எடை, வால், பின்பாதம், காது என்று அளவுகளை எழுதுங்கள். பெயரை ஆய்வாளர் போட்டுக்கொள்வார்.

கடியைவிட எலியின் மூத்திரத்துக்குப் பயப்படுங்கள். அதிலுள்ள எலிக்காய்ச்சல் கிருமி சிறு காயம் வழியாகக்கூட உள்ளே போகும். நக்கிள்ஸ் மலைக்காட்டுப் பக்கம் வேலை என்றால் அட்டைக்கடியும் காயம்தான். சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் பிஸ்கட்டைத் தொடாதீர்கள். காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம், "எலி பிடிக்கிற வேலை செய்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். சொல்ல வெட்கப்பட்டு வெறும் பனடோல் மாத்திரையோடு இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அனுமதிக் கடிதத்தின் பிரதி உங்கள் பையிலேயே இருக்கட்டும். சமவெளி வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ், நக்கிள்ஸ் காடு வனத் திணைக்களத்தின் கீழ். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் செல்லாது.

கடைசி நாள் மூட்டை கட்டும்போது பொறிகளை எண்ணுங்கள். 50 வைத்திருந்தால் 50 கைக்கு வர வேண்டும். 49 என்றால் லொறியை நிறுத்திவிட்டு மேலே ஏறுங்கள். புதருக்குள் அந்த ஒன்று இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கும்.