பழைய ஓகரைப் புதிய விதிமுறைக்கு மாற்றுவது எப்படி?

1981இல் வந்த பேசிக் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை வேடமேற்பு விளையாட்டில் ஓகர் என்ற பெரிய அரக்கனின் ஹிட் பாயிண்ட் (விழும் முன் தாங்கும் சேதம்) சராசரியாக 19. 2014இல் வந்த 5ஆம் பதிப்பில் அதே ஓகருக்கு 59. மூன்று மடங்கு பலசாலி ஆகிவிட்டது போலத் தெரியும். ஆனால் இரண்டு விதிமுறையிலும் 3ஆம் லெவல் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து அடித்தால் ஏறக்குறைய மூன்றே சுற்றில் அது விழுந்துவிடும். சண்டை எத்தனை சுற்று ஓடுகிறது, ஓர் ஆள் விழ எத்தனை அடி ஆகிறது: இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்ற எண்கள் தானாக வரும்.

படி 1: ஏசி (ஆர்மர் கிளாஸ், அடி படாமல் காக்கும் எண்) எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்

பழைய பதிப்புகளில் ஆர்மர் கிளாஸ் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். 2000இல் வந்த 3ஆம் பதிப்பிலிருந்து இது தலைகீழ். மாற்றும் கணக்கு எளிது, ஆனால் எல்லாப் பழைய புத்தகத்துக்கும் ஒரே கணக்கு செல்லாது. பேசிக்கில் கவசம் இல்லாத ஆளுக்கு ஏசி 9. எனவே 19இலிருந்து கழிக்க வேண்டும். அட்வான்ஸ்ட் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கவசம் இல்லாத ஆளுக்கு 10. அங்கே 20இலிருந்து கழிக்க வேண்டும். கையில் இருப்பது எந்தப் புத்தகம் என்று பார்க்காமல் கழித்தால் ஒரு புள்ளி தவறும். டி20இல் (20 முகப் பகடை; டி8, டி10 எல்லாம் இப்படியே) ஒரு புள்ளி என்பது 5 சதவீதம்.

பேசிக் ஓகருக்கு ஏசி 5, அதாவது 14. இதை அப்படியே 5ஆம் பதிப்பில் எழுதிவிடாதீர்கள். அங்கே அடிப்பவர்கள் பகடையோடு கூட்டும் போனஸே வேறு.

படி 2: பழைய சண்டையைக் கணக்குப் போடுங்கள்

பேசிக்கில் 3ஆம் லெவல் ஆள் யாராக இருந்தாலும் ஏசி 5ஐத் தொட டி20இல் 14 வேண்டும். அது 35 சதவீதம். வாளுக்கு டி8, சராசரி 4.5. ஓர் அடி முயற்சிக்குச் சுமார் 1.6, நாலு பேருக்கு 6.3. 19ஐ 6.3ஆல் வகுத்தால் மூன்று சுற்று.

இப்போது எதிர்ப்பக்கம். 3ஆம் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரர்) சராசரி 13.5 ஹிட் பாயிண்ட். பிளேட் கவசமும் கேடயமும் போட்டால் ஏசி 2. ஓகர் அவரைத் தொட 13 வேண்டும், 40 சதவீதம். அதன் அடி டி10, சராசரி 5.5. ஆக, இரண்டரை அடியில் ஃபைட்டர் காலி. இந்த மூன்று எண்களை (3 சுற்று, 40 சதவீதம், 2.5 அடி) தனித் தாளில் எழுதி வையுங்கள். பழைய புத்தகத்தில் இதற்கு மேல் எண் தேட வேண்டாம்.

படி 3: புதிய விதிமுறையில் எண்களைப் பொருத்துங்கள்

5ஆம் பதிப்பில் 3ஆம் லெவல் ஆளின் தாக்குதல் போனஸ் பெரும்பாலும் +5, அடி டி8+3, சராசரி 7.5. முதலில் ஏசியை முடிவு செய்யுங்கள். ஹிட் பாயிண்டை அதன்பிறகு கணக்கிடுங்கள்.

ஏசி 11 என்றால் 75 சதவீதம் படும். நாலு பேருக்குச் சுற்றுக்கு 22.5, மூன்று சுற்றுக்குச் சுமார் 67. ஏசி 14 என்றால் 60 சதவீதம். சுற்றுக்கு 18, மொத்தம் 54. இரண்டுமே மூன்று சுற்றுதான், ஆட்டம் மட்டும் வேறு மாதிரி இருக்கும். ஏசி கூடினால் மேசையில் "படலை, படலை" என்பதே கேட்கும். புதிய ஆட்டக்காரர்கள் சலித்துப்போவார்கள். ஓகர் மாதிரி தடித்த, மந்தமான உடம்புக்குக் குறைந்த ஏசியும் நிறைய ஹிட் பாயிண்டும்தான் பொருத்தம். 5ஆம் பதிப்பில் பெரிய உடலுக்கு டி10 பகடை என்பதால் 8டி10+24 (எட்டு டி10 உருட்டி 24 கூட்டுவது) என்று எழுதினால் சராசரி 68 வரும். 2014இன் அதிகாரப்பூர்வ ஓகர் ஏசி 11, ஹிட் பாயிண்ட் 59. நம் கணக்கு தள்ளிப் போகவில்லை.

அடிக்கு: கவசம், கேடயத்தோடு ஃபைட்டரின் ஏசி 18, ஹிட் பாயிண்ட் சுமார் 28. 40 சதவீதம் வேண்டுமானால் 13 விழ வேண்டும், போனஸ் +5. இரண்டரை அடிக்கு 28ஐ வகுத்தால் 11. புத்தகத்தில் இருப்பது +6, 2டி8+4, சராசரி 13, கொஞ்சம் கடுமை. அதில் கிரிட்டிகல் (சேதப் பகடைகள் இரட்டிக்கும் அடி) விழுந்தால் சராசரி 22, 20 ஹிட் பாயிண்ட் உள்ள விசார்ட் (மந்திரவாதி) ஒரே அடியில் சாய்ந்துவிடுவார். பயமாக இருந்தால் 2டி8+2 போதும்.

டன்ஜியன் மாஸ்டர் கையேட்டின் சேலஞ்ச் ரேட்டிங் (அரக்கன் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) அட்டவணையிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். 2014 கையேட்டில் ரேட்டிங் 2க்கு 86 முதல் 100 ஹிட் பாயிண்ட், ஏசி 13, போனஸ் +3. அதே ரேட்டிங் 2 உள்ள ஓகரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தற்காப்பையும் தாக்குதலையும் சேர்த்துச் சராசரி பார்க்கும் அட்டவணை அது. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் கூடி ஈடுகட்டும்.

படி 4: சிறப்புச் சக்திகள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய விதிமுறையில் ராட்சதச் சிலந்தியின் விஷத்துக்கு சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பிக்க உருட்டும் பகடை, சுருக்கமாக சேவ்) தவறினால் சாவு. 2014இன் 5ஆம் பதிப்பில் அது 11க்கு எதிரான சேவ், தவறினால் 2டி8 விஷச் சேதம், பிழைத்தால் பாதி. பழைய வைட் (உயிர்சக்தியை உறிஞ்சும் நடமாடும் பிணம்) தொட்டாலே ஒரு லெவல் போகும், சேவ் கிடையாது. புதியதில் 13க்கு எதிரான சேவ் தவறினால் அதிகபட்ச ஹிட் பாயிண்ட் குறையும். சாவைச் சாவாகவே கொண்டுவந்தால், ஒரு கதாபாத்திரத்தை உருவாக்க ஒரு மணி நேரம் செலவழித்த ஆட்டக்காரர் எழுந்து போய்விடுவார். அந்தச் சக்தி எதைப் பற்றிப் பயமுறுத்தியது என்று பார்த்து, அந்தப் பயம் தங்கும்படி எழுதுங்கள்: வைட்டுக்கு அது நிரந்தர இழப்பு, சிலந்திக்குத் திடீர் ஆபத்து.

மொரேலையும் (மன உறுதி) விட்டுவிடாதீர்கள். பேசிக்கில் 2டி6 உருட்டி, மொரேல் எண்ணைத் தாண்டினால் அரக்கர்கள் ஓடுவார்கள். ஓகருக்கு 10, ஓட வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. காப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு 7, வாய்ப்பு 42 சதவீதம். இதைக் கொண்டுவராவிட்டால் காப்ளின் கூட்டம் கடைசி ஆள் வரை நின்று சண்டை போடும். பழைய சாகசத்தில் பத்து நிமிடத்தில் முடிந்த மோதல் ஒரு மணி நேரம் இழுக்கும்.

சதவீத விதிமுறைக்கு மாற்றும்போது

கால் ஆஃப் துலூ என்ற திகில் வேடமேற்பு விளையாட்டின் 7ஆம் பதிப்பில் உடல்திடத்தையும் உருவ அளவையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் ஹிட் பாயிண்ட். மனிதர்களுக்கு 12 போல வரும், அனுபவத்தால் அது ஏறாது. 2டி8+4 அடியைக் கொண்டுபோனால் பாதிக்கு மேற்பட்ட அடிகளில் ஆள் அங்கேயே செத்துவிடுவார். 12ஐ இரண்டரையால் வகுத்தால் 4.8, டி10 (சராசரி 5.5) அதை ஒட்டி வரும். அதுவும் லேசானதில்லை: ஒரே அடியில் பாதி ஹிட் பாயிண்ட் போனால் பெருங்காயம், டி10இல் 6 அல்லது அதற்கு மேல் விழ 50 சதவீதம்.

ஏசி அங்கே கிடையாது. அதைப் பிரித்து எழுத வேண்டும். தோல் தடிப்பினால் வந்த பாதுகாப்பு என்றால் ஒவ்வோர் அடியிலும் கழியும் கவசப் புள்ளி. வேகத்தினால் வந்தது என்றால் விலகும் திறனின் சதவீதம். ஓகருக்கு முதலாவது. கவசத்தை 2இல் தொடங்குங்கள், டி6 கத்தியோடு வருபவருக்கு அதுவே பெரிய தடை.

எழுதி முடித்ததும் மேசைக்குக் கொண்டுபோகும் முன் நீங்களே இரு பக்கமும் உருட்டி ஒரு முறை சண்டை போட்டுப் பாருங்கள். இரண்டு சுற்றில் முடிந்தால் ஹிட் பாயிண்டைக் கூட்டுங்கள். ஆறு சுற்றைத் தாண்டினால் ஏசியைக் குறையுங்கள்.