கும்பக்கரையில் இறங்கும் முன் கஜங்களின் பெயரைக் கேளுங்கள்

பெரியகுளத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் பாம்பாறு பாறை பாறையாகத் தாவி இறங்கும் இடம் கும்பக்கரை அருவி. அங்கே சென்றதும், அன்று குளிக்க அனுமதி உண்டா என்று வனத்துறையினரிடம் முதலில் கேளுங்கள். அடிவாரத்தில் வெயில் காய்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். இந்த ஆற்றுக்கு நீர் தருபவை கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் சோலைகள். அங்கே கொட்டிய மழை, கீழே ஒரு துளியும் விழாத நேரத்தில் வெள்ளமாக வந்து சேரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, துணிமணியைத் தேடிக்கொண்டிராமல் உடனே கரையேறிவிடுங்கள்.

அடுத்து, பாறைக்குழிகளின் பெயர்களை உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டறியுங்கள். யானைக் கஜம், பாம்புக் கஜம், உரல் கஜம் என்று அவர் கைகாட்டிச் சொல்வார். ஆழமான நீர்நிலையைக் குறிக்கும் ‘கயம்’ என்ற பழந்தமிழ்ச் சொல்லே மக்கள் வாயில் ‘கசம்’ என்றும் ‘கஜம்’ என்றும் வழங்குகிறது என்பது என் எண்ணம். ஆகவே அந்தச் சொல் காதில் விழும் இடமெல்லாம் கால் எட்டாது என்றே கொள்ளுங்கள். உரல் என்ற பெயரும் வெறும் உவமை அன்று. வெள்ளம் சுழற்றும் கூழாங்கற்கள் காலங்காலமாக அரைத்துக் குடைந்த குழியின் உட்சுவர், மாவரைத்துத் தேய்ந்த ஆட்டுரலைப் போல வழவழப்பாக இருக்கும். உள்ளே விழுந்தவருக்கு விரல் பதிக்க ஒரு பிளவும் கிடைக்காது. நீச்சல் தெரிந்தவர்களும் அதில் இறங்கக்கூடாது.

கரையிலுள்ள மருத மரங்களில் விருமாண்டி முதலிய காவல் தெய்வங்கள் உறைவதாக ஊர்மக்கள் நம்புகிறார்கள். அம்மரங்களில் ஈரத்துணி காயப்போடுவதையும், அடியில் எச்சில் இலை போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். கரையை வேரால் இறுகப் பிடித்திருக்கும் மரங்களுக்கு இந்த மரியாதை தகும்.

ஆற்றை மேலிருந்தே அறிய விரும்புவோர், வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் பெற்று, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தின் வழியாக இறங்கும் பழைய மலைப்பாதையில் நடந்து வரலாம். வெள்ளகவியில் செருப்பணிந்து நடப்பதில்லை. ஊர் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஊரைக் கடந்து, மறுபுறம் வந்த பின் அணியுங்கள். இறக்கம் முழங்காலை வருத்தும். விடியும்போதே புறப்பட்டால்தான் இருட்டும் முன் அடிவாரம் சேர முடியும்.